அட்டாரி 2600-இல் பழுதான சிப்பை மாற்றுவது எப்படி: முழுமையான வழிகாட்டி

“வண்டி திரும்புது, சுடுது, ஆனா இருந்த இடத்தைவிட்டு நகரவே மாட்டேங்குதுடா” என்றார் சித்தப்பா. 1987-இல் அமெரிக்காவிலிருந்து திரும்பும்போது அவர் வாங்கிவந்த அட்டாரி 2600 ஜூனியர் என்ற வீடியோ கேம் கருவி அது. கேசட் ‘காம்பேட்’ என்ற டாங்கிச் சண்டை விளையாட்டு. அதில் டாங்கி முன்னே போக ஜாய்ஸ்டிக்கை மேலே தள்ள வேண்டும். இடது, வலது தள்ளினால் நின்ற இடத்திலேயே சுழலும். ஆக, அவர் சொன்னதற்கு ஒரே பொருள்தான். இடது பக்க ஆட்டக்காரரின் ‘மேல்’ என்ற ஒரு சைகை மட்டும் எங்கோ வழியில் தொலைந்துபோகிறது.

“வேற ஸ்டிக் போட்டுப் பாத்தீங்களா, சித்தப்பா?”

“ரெண்டையும் மாத்திப் பாத்துட்டேன். வலது பக்கம் போட்டா நல்லா ஓடுது.”

பாதி வேலையை அவரே முடித்துவிட்டார். மீதியை எப்படி முடித்தோம் என்பதை வைத்தே இந்த வழிகாட்டியை எழுதுகிறேன். சூடான சால்டரிங் அயர்னைக் கையில் எடுப்பதற்கு முன் செய்யவேண்டியது நிறைய இருக்கிறது. அதைச் சரியாகச் செய்தவர்களில் பலருக்கு அயர்னே தேவைப்படாது.

உள்ளே இருப்பது மூன்றே சிப்

அட்டாரி நிறுவனம் இந்தக் கருவியை 1977-இல் அமெரிக்காவில் வெளியிட்டது. அன்றைய பெயர் வீடியோ கம்ப்யூட்டர் சிஸ்டம். ‘2600’ என்ற பெயர் 1982-இல்தான் வந்தது. 1992-இன் தொடக்கத்தில் தயாரிப்பை நிறுத்தினார்கள். இத்தனை ஆண்டுகளில் வெளிக்கூடு பலமுறை மாறியது. ஆறு சுவிட்ச் உள்ள மரநிற மாடல், நான்கு சுவிட்ச் மாடல், முழுக் கறுப்பு மாடல், கடைசியில் சிறிய ஜூனியர். ஆனால் உள்ளே வேலை பார்ப்பவை அதே மூன்று சிப்புகள்தான்.

முதலாவது 6507. இது மூளை. 6502 ப்ராசஸரையே 28 கால் கூட்டில் அடைத்துக் குறைந்த விலைக்குக் கொடுத்தது. ஓடும் வேகம் 1.19 மெகாஹெர்ட்ஸ்.

இரண்டாவது 6532. தொழில் தெரிந்தவர்கள் இதை ‘ரயட்’ என்பார்கள். ரேம், உள்ளீடு-வெளியீடு, டைமர் மூன்றும் சேர்ந்த 40 கால் சிப். இந்தக் கருவியின் மொத்த நினைவகமும் இதற்குள் இருக்கும் 128 பைட்தான். ஜாய்ஸ்டிக்கின் நான்கு திசைகளும், மேலே உள்ள ரீசெட், செலக்ட், கலர், டிஃபிகல்டி சுவிட்சுகளும் இதன் கால்களில்தான் வந்து சேர்கின்றன.

மூன்றாவது டிஐஏ. படமும் சத்தமும் இதன் பொறுப்பு. இதுவும் 40 கால். ஜே மைனரின் தலைமையில் உருவானது. பின்னாளில் அமிகா கம்ப்யூட்டரின் சிப்புகளுக்குப் பின்னால் இருந்தவரும் அவரே. ஜாய்ஸ்டிக்கின் ஃபயர் பட்டனும், பேடில் எனப்படும் திருகுகுமிழின் சுழற்சியும் மட்டும் ரயட்டுக்குப் போகாமல் நேராக டிஐஏ-வுக்குப் போகின்றன. இந்த ஒரு தகவலை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். பழுது கண்டுபிடிப்பதில் பாதி இதற்குள் அடங்கிவிடும்.

கடைசிக் காலத்து ஜூனியர்கள் சிலவற்றில் மூன்றையும் ஒரே சிப்பாக்கிவிட்டார்கள். திறந்ததும் ஒற்றைப் பெரிய சிப் தெரிந்தால் இந்த வழிகாட்டி உங்களுக்கு உதவாது. 90-களில் நம் வீடுகளில் ஓடிய ‘டிவி கேம்’ பெட்டிகளில் பலவற்றில் போர்டின் நடுவே கறுப்புப் பொட்டு ஒன்று ஒட்டியிருக்குமே, அதற்கும் இதே நிலைதான். அந்தப் பொட்டுக்குள் இருப்பதைக் கழற்றி வேறு வைக்க வழியில்லை.

எந்தச் சிப் என்று கருவியே சொல்லும்

முதலில் மின்சாரம். இதற்கு வேண்டியது 9 வோல்ட் டிசி, 500 மில்லி ஆம்பியர் அடாப்டர். 3.5 மில்லிமீட்டர் பிளக், நுனி பாசிட்டிவ். அமெரிக்காவிலிருந்து வந்த கருவியோடு அந்த ஊர் அடாப்டரும் வந்திருக்கும். அது 120 வோல்ட்டுக்கானது. நம் 230 வோல்ட் சாக்கெட்டில் செருகினால் அந்த நிமிடமே புகைந்துவிடும், சில சமயம் கருவியையும் சேர்த்துக் கொண்டுபோகும். உள்ளூரில் ஒரு 9 வோல்ட் அடாப்டர் வாங்கி, நுனியில் பாசிட்டிவ் வருகிறதா என்று மீட்டரில் பார்த்துவிட்டுப் பயன்படுத்துங்கள். பிளக்கைச் செருகும்போது சுவரில் சுவிட்ச் அணைந்திருக்கட்டும்.

உள்ளே 7805 என்ற மூன்று கால் ரெகுலேட்டர் இருக்கும். அதன் வெளியீட்டில் 4.75 முதல் 5.25 வோல்ட் வரை வரவேண்டும். 4.5 வோல்ட்தான் வருகிறது என்றால் சிப்புகளைக் குறைசொல்ல வேண்டாம். ரெகுலேட்டரையும் பக்கத்தில் உள்ள எலக்ட்ரோலிடிக் கெப்பாசிட்டர்களையும் கவனியுங்கள்.

அடுத்து டிவி. இங்கே பலர் ஏமாறுவார்கள். அமெரிக்கக் கருவி என்டிஎஸ்சி என்ற டிவி முறையில் ஓடுவது. டிவியின் ஆன்டெனா வாயில் போகும் அதன் ஆர்எஃப் சிக்னலில் சத்தம் படத்திலிருந்து 4.5 மெகாஹெர்ட்ஸ் தள்ளி வரும். நம் ஊர்ப் பழைய டிவிகள் ‘பால்’ (PAL) என்ற வேறு முறை, 5.5-இல் எதிர்பார்க்கும். பிரிட்டனில் விற்ற கருவி பால் முறைதான் என்றாலும் அதில் சத்தம் 6 மெகாஹெர்ட்ஸில் வரும். ஆகவே படம் பளிச்சென்று இருந்து சத்தம் மட்டும் இரைந்தால் டிஐஏ-வைக் கழற்ற ஓடாதீர்கள். பலமுறை டிவி முறைதான் காரணம். நிறம் மொத்தமாகத் தப்பாகத் தெரிந்தாலும் போர்டில் உள்ள நிறத் திருகியை, அதாவது சிறிய ட்ரிம்மரை, ஒரு நூல் அளவு திருப்பிப் பாருங்கள். அதன் பிறகும் நிறமே வராவிட்டால்தான் மேற்கொண்டு யோசிக்க வேண்டும்.

இவை சரியென்றால், இனிச் சிப்புகளைச் சந்தேகிக்கலாம்.

ஃபயர் பட்டன் வேலை செய்யவில்லை, நான்கு திசையும் சரி: டிஐஏ. திசை ஒன்று போய்விட்டது, ஃபயர் சரி: ரயட். ரீசெட்டோ செலக்ட்டோ செத்துவிட்டது: முதலில் சுவிட்சைக் கான்டாக்ட் கிளீனரால் கழுவுங்கள், பிறகு ரயட். பேடில் ஆடும்போது மட்டை நடுங்குகிறது: சிப்பே இல்லை. பேடிலுக்குள் இருக்கும் 1 மெகாஓம் பொட்டென்ஷியோமீட்டரில் அழுக்கு.

எந்தக் கேசட் போட்டாலும் ஒரு உருவம் மட்டும் காணவில்லை என்றால் டிஐஏ. இந்தச் சிப் இரண்டு ஆட்டக்காரர், இரண்டு குண்டு, ஒரு பந்து, பின்னணிச் சுவர் என ஆறு பொருள்களைத் தனித்தனிச் சுற்றாக வைத்திருக்கிறது. ஒன்று செத்தாலும் மற்றவை ஓடிக்கொண்டிருக்கும்.

திரையில் அசையாத செங்குத்துக் கோடுகள் மட்டும் நிற்பது இன்னொரு வகை. இதன் காரணம் எனக்கு மிகவும் பிடித்த விஷயம். ஒவ்வொரு வரியின் தொடக்கத்தையும் டிவிக்குச் சொல்லும் வேலையை டிஐஏ தானே செய்கிறது. ஒரு வரிக்கு 228 நிறத் துடிப்பு என்று எண்ணிக்கொண்டே இருக்கும். ஆனால் ஒரு திரை முடிந்து அடுத்தது தொடங்குகிறது என்பதை அதற்குத் தானாகச் சொல்லத் தெரியாது. அதை ஒவ்வொரு முறையும் 6507-இல் ஓடும் விளையாட்டு நிரல்தான் சொல்ல வேண்டும். நிரல் ஓடவில்லை என்றால் டிஐஏ ஒரே வரியைத் திரும்பத் திரும்ப வரைந்துகொண்டிருக்கும். மேலிருந்து கீழ்வரை அதே வரி என்பதால் நமக்குக் கம்பிகளாகத் தெரிகிறது. ஆக, கம்பி தெரிந்தால் டிஐஏ ஓரளவு உயிரோடு இருக்கிறது. கேசட்டின் தொடுமுனை, 6507, ரயட் இந்த வரிசையில் தேடுங்கள். ரயட் ஏன் என்றால், அந்த 128 பைட் ரேம் இல்லாமல் நிரல் நாலு அடிகூட எடுத்துவைக்க முடியாது.

படமே இல்லை, சத்தம் மட்டும் வருகிறது என்றால் மூன்று பெரிய சிப்புகளோடு நான்காவதாக ஒரு சிறியதையும் பாருங்கள். பல போர்டுகளில் 16 கால் உள்ள 4050 என்ற பஃபர் சிப் இருக்கும். டிஐஏ-விலிருந்து வரும் ஒளி அளவுகளையும் வரியும் திரையும் எங்கே தொடங்குகின்றன என்று டிவிக்குச் சொல்லும் சிங்க் சைகையையும் பலப்படுத்தி அனுப்புவது அதுதான். மாற்ற வேண்டியிருந்தால் ஒன்றை மறக்காதீர்கள்: மற்ற 16 கால் லாஜிக் சிப்புகளைப் போல இதற்கு மின்சாரம் 16-ஆம் காலில் வராது, 1-ஆம் காலில் வரும்.

சித்தப்பாவின் கருவியில் ‘மேல்’ மட்டும் போயிருந்தது. ரயட் என்று ஊகித்தாகிவிட்டது. உறுதி செய்ய மீட்டரை எடுத்தேன். ஸ்டிக்கைச் செருகும் வாயான ஜாய்ஸ்டிக் போர்ட்டின் 1-ஆம் முனை ‘மேல்’. இடது பக்க ஆட்டக்காரருக்கு அது ரயட்டின் 12-ஆம் காலில் போய்ச் சேரும். 13 கீழ், 14 இடது, 15 வலது. வலது பக்கத்துக்கு 8 முதல் 11 வரை. மீட்டரின் கறுப்பு முனையைப் போர்டின் தரைப் புள்ளியில் (கிரவுண்ட்) வைத்து, சிவப்பு முனையை 12-ஆம் காலில் தொட்டேன். ஸ்டிக் நடுவில் இருக்கும்போது உயர் வோல்ட். மேலே தள்ளியதும் பூஜ்யத்துக்கு அருகே விழுந்தது. அதாவது சைகை சிப்பின் வாசல்வரை ஒழுங்காக வந்துவிட்டது. உள்ளே கேட்கத்தான் ஆளில்லை. ரயட் போய்விட்டது என்று இதன் பிறகுதான் சொன்னேன்.

காலில் வோல்ட் விழவே இல்லையென்றால் கதை வேறு. போர்ட்டின் முனைக்கும் சிப்பின் காலுக்கும் நடுவில் எங்கோ டிராக், அதாவது போர்டில் ஓடும் செம்புத் தடம், அறுந்திருக்கும், அல்லது ஜாய்ஸ்டிக் போர்ட்டின் சால்டர் விரிசல் விட்டிருக்கும். பல ஆண்டுகள் ஸ்டிக்கைச் செருகிப் பிடுங்கினால் அது நடக்கும். அந்த இடத்தைத் திரும்பச் சூடாக்கிக் கொஞ்சம் ஈயம் விட்டால் போதும்.

மாற்றுச் சிப்பைத் தேடுவது

ரயட் அட்டாரிக்காக மட்டும் செய்யப்பட்டதல்ல. கோட்லீப் நிறுவனத்தின் சிஸ்டம் 80 ‘பின்பால்’ விளையாட்டு எந்திரங்களில் மூன்று மூன்றாக இருந்தது. எம்ஓஎஸ், ராக்வெல், சைனர்டெக் எனப் பலர் தயாரித்தார்கள். எந்த நிறுவனத்தின் 6532 ஆனாலும் சரி. கடைசியில் ‘ஏ’ இருந்தால் 2 மெகாஹெர்ட்ஸ் வகை, அதுவும் பொருந்தும். 6507-க்கும் என்டிஎஸ்சி, பால் வேறுபாடு கிடையாது.

டிஐஏ அப்படியல்ல. இது இந்தக் கருவிக்காகவே செய்யப்பட்டது. சந்தையில் கிடைக்கும் வேறு எதுவும் இதற்கு ஈடாகாது. அமெரிக்கக் கருவியில் சிஓ10444 என்றும் பால் கருவியில் சிஓ11903 என்றும் எண் இருக்கும். ஒன்றின் இடத்தில் மற்றொன்றை வைக்கக் கூடாது. உடைந்த இன்னொரு 2600-இலிருந்தோ, அட்டாரியின் 7800 மாடலிலிருந்தோதான் எடுக்க வேண்டும். 7800-க்குள்ளும் டிஐஏ, ரயட் இரண்டும் உண்டு. நன்றாக ஓடும் ஒரு கருவியைக் கொன்று இன்னொன்றைப் பிழைக்கவைப்பதை நான் செய்யமாட்டேன்; ஏற்கெனவே கூடு நொறுங்கிப் போனதாகப் பார்த்து வாங்குங்கள்.

இணையத்தில் வாங்கும்போது சிப்பின் மேல் உள்ள எழுத்தைக் கூர்ந்து பாருங்கள். பெரும்பாலும் நான்கு இலக்கத் தேதிக் குறி இருக்கும். 8215 என்றால் 1982-ஆம் ஆண்டின் 15-ஆம் வாரம். 1980-களின் சிப் என்று சொல்லிவிட்டு, எழுத்து நேற்று அச்சடித்ததைப் போல வெள்ளையாக, மேல்பரப்பு சொரசொரப்பாகக் கறுப்புப் பூச்சோடு இருந்தால் சந்தேகப்படுங்கள். பஞ்சில் அசிட்டோன் தொட்டுத் தேய்த்தால் கறுப்புச் சாயம் இறங்கும். அது வேறு எதையோ மேலே சுரண்டி எழுதிவைத்த போலி.

இரண்டு சிப்பாக வாங்குங்கள். புதிதாக வந்ததே செத்ததாக இருந்தால், பழுதை எங்கே தேடுவது என்று தெரியாமல் நாள்கணக்கில் அலைய நேரும்.

மேசைமேல் வேண்டியவை

வெப்பநிலையை மாற்றக்கூடிய சால்டரிங் அயர்ன், 60/40 ஈயம், ஃப்ளக்ஸ், சக்கர் எனப்படும் டீசால்டரிங் பம்ப், செம்புப் பின்னலான விக், நுனி கூர்மையான சிறிய கட்டர், இடுக்கி, மல்டிமீட்டர், சிப்பை உட்காரவைக்கும் 40 கால் சாக்கெட், ஐசோப்ரொபைல் ஆல்கஹால், பழைய டூத் பிரஷ். சிப்பைத் தவிர இத்தனையும் சென்னை ரிச்சி தெருவில் ஒரே நடையில் வாங்கிவிடலாம். சாக்கெட் வாங்கும்போது அகலத்தைச் சொல்லிக் கேளுங்கள். இந்தச் சிப்புகளின் இரண்டு கால் வரிசைகளுக்கும் நடுவே 15.24 மில்லிமீட்டர்.

கைக்கு ஆன்டி-ஸ்டாட்டிக் பட்டை கட்டிக்கொள்ளுங்கள். பழைய சிப்புகள் உடம்பிலிருந்து பாயும் மின்னூட்டத்தைத் தாங்காது. டிஐஏ சாவதற்கு அதுவும் ஒரு முக்கியக் காரணம். ஜாய்ஸ்டிக் போர்ட்டின் முனைகளிலிருந்து நேராக அதற்குள் பாய்கிறது. விளையாடும்போதும் அந்த முனைகளை விரலால் தொடாமல் இருப்பது நல்லது.

பிரிப்பது

அடாப்டர், கேசட், ஸ்டிக் எல்லாவற்றையும் எடுத்துவிட்டுக் கருவியைக் கவிழ்த்து வையுங்கள். அடியில் உள்ள ஸ்க்ரூக்கள் எல்லாம் ஒரே நீளம் என்று நம்ப வேண்டாம். ஒரு அட்டையில் கருவியின் உருவத்தை வரைந்து, எந்த இடத்து ஸ்க்ரூவோ அந்த இடத்திலேயே குத்தி வைப்பது என் வழக்கம்.

ஆறு சுவிட்ச் மாடலில் மெயின் போர்டு கனமான அலுமினியப் பெட்டிக்குள் இருக்கும். சுவிட்ச் போர்டையும் அதையும் இணைக்கும் ரிப்பன் கேபிளை மடக்காதீர்கள், அடிப்பகுதியில் முறிந்துவிடும். பின்னால் வந்த மாடல்களில் தகரக் கவசம். அதன் காதுகளை முறுக்கிப் பூட்டியிருப்பார்கள். குறடால் நிமிர்த்தி எடுக்கலாம், ஆனால் இரண்டு மூன்று முறைக்கு மேல் திருகினால் காது ஒடிந்துவிடும்.

கவசத்தை எடுத்ததும் முதல் வேலை போட்டோ. ஒவ்வொரு சிப்பின் ஒரு முனையிலும் அரைவட்டப் பள்ளம் இருக்கும். அது எந்தப் பக்கம் பார்க்கிறது என்று தெளிவாகத் தெரியவேண்டும். மூன்றும் ஒரே திசையில் இருக்கும் என்று எண்ணிவிடாதீர்கள். திருப்பி வைத்து மின்சாரம் கொடுத்தால் சிப் ஒரு கணத்தில் போய்விடும்.

சாக்கெட்டில் இருந்தால்

பல ஆறு சுவிட்ச், நான்கு சுவிட்ச் கருவிகளில் சிப்புகள் சாக்கெட்டில்தான் உட்கார்ந்திருக்கும். உங்களுடையது அப்படியென்றால், புதுச் சிப்பைத் தொடுவதற்கு முன் பழையதையே கழற்றித் திரும்ப மாட்டிப் பாருங்கள். நாற்பது ஆண்டு பழைய சாக்கெட்டில் தொடுமுனை கறுத்துப்போவது சாதாரணம். கழற்றி மாட்டும் உராய்விலேயே பாதிக் கருவிகள் உயிர்பெற்றுவிடுவதைப் பார்த்திருக்கிறேன்.

சிறிய தட்டை ஸ்க்ரூ டிரைவரைச் சிப்புக்கும் சாக்கெட்டுக்கும் நடுவே நுழையுங்கள். சாக்கெட்டுக்கும் போர்டுக்கும் நடுவே அல்ல. ஒரு முனையில் அரிசி அளவு தூக்குங்கள், மறுமுனைக்குப் போங்கள், அங்கேயும் அதே அளவு. இப்படி நாலைந்து முறை மாறி மாறிப் போனால் சிப் நேராக எழும்பும். அவசரப்பட்டு ஒரே பக்கம் நெம்பினால் மறுபக்கத்துக் கால்கள் மடங்கும், நிமிர்த்தும்போது ஒடியும்.

கால்களைப் பாருங்கள். கரிபிடித்த பாத்திரம் போலக் கறுத்திருந்தால், அது கால்களின் வெள்ளிப் பூச்சு கறுத்தது. பென்சில் ரப்பரால் மேலிருந்து கீழாக மெல்லத் துடைத்து, ஆல்கஹாலால் கழுவுங்கள். ஒவ்வொரு காலாக, ஒரே திசையில். முன்னும் பின்னும் தேய்த்தால் பலவீனமான கால் தோளில் விட்டுவிடும்.

நேராகப் போர்டில் சால்டர் செய்திருந்தால்

சித்தப்பாவின் ஜூனியரில் சாக்கெட் இல்லை. இங்கே ஒரு முடிவு எடுக்க வேண்டும். காப்பாற்ற வேண்டியது எது, சிப்பா போர்டா?

ரயட் செத்துவிட்டது என்று உறுதியாகத் தெரிந்தால் சிப்பைப் பலிகொடுங்கள். இன்னொரு 6532 கிடைக்கும். அந்தப் போர்டு கிடைக்காது. கட்டரின் நுனியால் நாற்பது கால்களையும் சிப்பின் உடம்பை ஒட்டி வெட்டுங்கள். உடம்பு தனியே வந்துவிடும். பிறகு போர்டில் நிற்கும் ஒவ்வொரு காலின் அடியிலும் அயர்னை வைத்து, ஈயம் உருகியதும் மேலிருந்து இடுக்கியால் உருவுங்கள். பழுத்த முள்ளைப் பிடுங்குவதுபோல வந்துவிட வேண்டும். வரவில்லையென்றால் ஈயம் முழுதாக உருகவில்லை. இழுக்காதீர்கள்.

டிஐஏ-வையோ, சந்தேகத்தில் இருக்கும் சிப்பையோ உயிரோடு எடுக்க வேண்டுமென்றால் பொறுமை வேண்டும். அயர்னை 330 முதல் 350 டிகிரிக்குள் வையுங்கள். ஒவ்வொரு காலிலும் ஃப்ளக்ஸ் தடவி முதலில் புது ஈயம் சேருங்கள். எடுக்கவேண்டிய ஈயத்தைக் கூட்டுவது விநோதமாகப் படலாம். ஆனால் பழைய ஈயம் மங்கி, உருக அடம்பிடிக்கும்; புது ஈயம் கலந்தால்தான் துளையின் அடிவரை இளகும். இளகியதும் அயர்ன் நுனியால் காலை லேசாக அசைத்துக்கொண்டே சக்கரை வைத்து உறிஞ்சுங்கள். ஒரு காலுக்கு மூன்று வினாடி. முடியவில்லையா, அடுத்ததுக்குப் போய்விட்டு ஆறியபின் திரும்பி வாருங்கள். தொடர்ந்து பக்கத்துப் பக்கத்துக் கால்களைச் சூடாக்காமல் தள்ளித் தள்ளிச் செய்யுங்கள்.

ஒவ்வொரு காலையும் இடுக்கியால் பக்கவாட்டில் தொட்டுப் பாருங்கள். ‘டிக்’ என்று ஒரு மெல்லிய அசைவு தெரிந்தால் விடுபட்டுவிட்டது. நாற்பதும் அப்படி அசைந்த பிறகுதான் சிப்பைத் தூக்க வேண்டும்.

முன்பு ஒரு நான்கு சுவிட்ச் போர்டில் முப்பத்தொன்பது கால்கள் அசைந்தன, ஒன்று மட்டும் அசையவில்லை. 20-ஆம் கால், 5 வோல்ட் வரும் கால். அகலமான செம்புப் பரப்பில் சேர்ந்திருந்ததால் வெப்பம் அதன் வழியே ஓடிவிட்டது. ‘ஒன்றுதானே’ என்று சிப்பை நெம்பினேன். துளையைச் சுற்றியிருந்த செம்பு வளையம், மீன் செதிலைப் போலக் காலோடு ஒட்டிக்கொண்டு வந்துவிட்டது. அன்று முழுக்க எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. இப்போதெல்லாம் 1, 20 இரண்டையும் கடைசியில் வைத்துக்கொள்கிறேன். அவற்றுக்கு மட்டும் தடித்த நுனி மாட்டி, 30 டிகிரி கூட்டி, ஈயம் நிறையச் சேர்த்து எடுக்கிறேன்.

வளையம் போனாலும் போர்டு போய்விடவில்லை. அந்தக் கால் எந்த டிராக்கோடு சேர வேண்டுமோ அதைப் பின்தொடர்ந்து, அடுத்த சால்டர் புள்ளியைக் கண்டுபிடித்து, மெல்லிய காப்பிட்ட கம்பியால் அங்கிருந்து சாக்கெட் காலுக்கு இணையுங்கள். என் போர்டு அந்தக் கம்பியோடு இன்றும் ஓடுகிறது.

துளைகளில் மிச்ச ஈயம் அடைத்திருந்தால் புது ஈயம் விட்டுத் திரும்ப உறிஞ்சுங்கள். மேற்பரப்பில் ஒட்டியிருப்பதை விக்கால் எடுங்கள். விக்கை அயர்னால் அழுத்தித் தேய்க்கக் கூடாது, வைத்து எடுக்க வேண்டும். கடைசியில் ஆல்கஹாலும் பிரஷும் போட்டு ஃப்ளக்ஸ் பசையைக் கழுவிவிட்டு, போர்டை வெளிச்சத்துக்கு எதிரே பிடியுங்கள். நாற்பது துளைகளிலும் வெளிச்சம் தெரிய வேண்டும்.

ஜன்னலைத் திறந்துவைத்து வேலை செய்யுங்கள். முடிந்ததும் கைகழுவாமல் எதையும் சாப்பிட வேண்டாம். பழைய ஈயம், புது ஈயம் இரண்டிலும் காரீயம் இருக்கிறது.

சாக்கெட், பிறகு சிப்

சாக்கெட்டின் பள்ளம் போட்டோவில் உள்ள திசையிலேயே இருக்கட்டும். எதிரெதிர் மூலையில் இரண்டு கால்களை மட்டும் முதலில் சால்டர் செய்து, பக்கவாட்டில் குனிந்து பாருங்கள். ஒரு முனை தூக்கியிருந்தால் அந்தக் காலை உருக்கி அழுத்தினால் சரியாகிவிடும். நாற்பதும் முடிந்தபின் அதைத் திருத்த முடியாது. மீதியைச் செய்யுங்கள். நல்ல சால்டர் மின்னும், காலைச் சுற்றிக் கூடாரம் போல நிற்கும். உருண்டையாக நின்றால் ஒட்டவில்லை என்று பொருள்.

சிப்பை மாட்டுவதற்கு முன் இரண்டு சோதனை. ஒன்று, மீட்டரைப் பீப் வைத்து, பக்கத்துப் பக்கத்துக் கால்கள் ஒன்றோடொன்று சேர்ந்துவிட்டனவா என்று வரிசையாகப் பார்ப்பது. இரண்டு, சாக்கெட் காலியாக இருக்கும்போதே மின்சாரம் கொடுத்து, 1-ஆம் முனைக்கும் 20-ஆம் முனைக்கும் நடுவே 5 வோல்ட் வருகிறதா என்று பார்ப்பது. ரயட்டுக்கும் டிஐஏ-வுக்கும் 1 தரை, 20 மின்சாரம். 6507-க்கு 2 தரை, 4 மின்சாரம்.

மின்சாரத்தை அணைத்து, பிளக்கைப் பிடுங்கிவிட்டு, புதுச் சிப்பை எடுங்கள். அதன் கால்கள் வெளிப்பக்கம் கொஞ்சம் விரிந்திருக்கும். சிப்பைச் சாய்த்து ஒரு வரிசைக் கால்கள் முழுவதையும் மேசையில் படியவைத்து, மெல்ல அழுத்தி நேராக்குங்கள், மறுபக்கமும் அப்படியே. சாக்கெட்டின் மேல் வைத்து நாற்பதும் அதனதன் வாயில் இருக்கிறதா என்று இரண்டு பக்கமும் பார்த்த பிறகு, இரண்டு கட்டைவிரலாலும் ஒரே சீராக அழுத்துங்கள். உள்ளே மடங்கிய ஒரு கால் மேலிருந்து பார்த்தால் தெரியாது. டார்ச் அடித்துப் பக்கவாட்டிலிருந்து பாருங்கள்.

ஓட்டிப் பார்ப்பது

கவசம் போடாமலே முதல்முறை ஓட்டுங்கள். பத்து வினாடி கழித்து ஒவ்வொரு சிப்பையும் விரலால் தொடுங்கள். வெதுவெதுப்பாக இருப்பது இயல்பு. விரல் வைக்க முடியாமல் சுட்டால் உடனே அணைத்துவிட்டுத் திசையையும் ஷார்ட்டையும் பாருங்கள்.

சோதிக்க ‘காம்பேட்’ போலப் பயனுள்ள கேசட் வேறில்லை. 1977-இலிருந்து பல ஆண்டுகள் கருவியோடு சேர்த்தே கொடுக்கப்பட்டதால் இது சுலபமாகவும் கிடைக்கும். இரண்டு டாங்கிகள் டிஐஏ-வின் இரண்டு ஆட்டக்காரர் சுற்றுகள். அவை சுடும் குண்டுகள் இரண்டு குண்டுச் சுற்றுகள். சுவர்கள் பின்னணி. இரண்டு எஞ்சின் உறுமலும் இரண்டு ஒலி வழிகள். ரீசெட், செலக்ட், கலர் சுவிட்சுகளையும் இதிலேயே சரிபார்க்கலாம். விட்டுப்போவது பந்து ஒன்றுதான். அதற்கு ‘வீடியோ ஒலிம்பிக்ஸ்’ போட்டுப் பார்த்துவிடுங்கள். இரண்டு ஸ்டிக்குகளையும் எட்டுத் திசையிலும் தள்ளிப் பாருங்கள். கருவி அரைமணி நேரம் தொடர்ந்து ஓடட்டும். சூடேறிய பிறகு மட்டும் தடுமாறும் சிப்புகள் உண்டு.

எல்லாம் சரியென்றால் கவசம், கூடு, ஸ்க்ரூ. நாற்பது ஆண்டு பழைய பிளாஸ்டிக்கில் ஸ்க்ரூவை முதலில் இடப்பக்கம் மெல்லத் திருப்புங்கள். பழைய மரையில் ‘டொக்’ என்று விழும். அங்கிருந்து வலப்பக்கம் முறுக்கினால் மரை தேயாது. பிடித்ததும் நிறுத்திவிடுங்கள்.

கூட்டை மூடுவதற்கு முன் ஒரு சிறு காகிதத்தில் தேதி, மாற்றிய சிப்பின் எண், சாக்கெட் போட்டது, இவற்றை எழுதி உட்பக்கம் ஒட்டினேன். சித்தப்பா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அதைப் படித்தார். பிறகு இடது பக்க ஸ்டிக்கை எடுத்து மடியில் வைத்து, ரீசெட்டைத் தட்டி, மேலே தள்ளினார். டாங்கி உறுமிக்கொண்டு நேரே போய்ச் சுவரில் முட்டியது. “உக்காருடா, நீ வலது பக்கம்” என்றார்.